வீட்டுக்குள் நடந்தால் வெளியே சொல்லலாமா?

தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பலகைச் சுவர். அடுத்த வீட்டில் யார் இருமினாலும், வானொலியில் எந்தப் பாட்டு ஓடினாலும், கணவனும் மனைவியும் எதற்காகச் சண்டை போட்டாலும் எல்லாம் காதில் விழும். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனவர்களுக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை அலறும்போது மட்டும் நம்முடைய காது திடீரென்று கேளாமல் போய்விடுகிறது!

“அவங்க பிள்ளை, அவங்க அடிக்கிறாங்க. நமக்கேன் வம்பு?” என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

அடுத்த வீட்டு விஷயத்திலேயே இப்படியென்றால், சொந்த வீட்டில் நடக்கும்போது கேட்கவே வேண்டாம். குழந்தையைத் துன்புறுத்துபவர் கணவனாகவோ, மாமனாராகவோ, கூடப்பிறந்த அண்ணனாகவோ இருந்துவிட்டால் வாய் தானாகவே மூடிக்கொள்கிறது. ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். தாய் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்விடுகிறாள். வீட்டில் பாட்டியும், ஏழு வயதுப் பெண்பிள்ளையும், வேலை தேடி வந்து தங்கியிருக்கும் தாய்மாமனும் இருக்கிறார்கள். கொஞ்ச நாளாக அந்தப் பிள்ளை, மாமன் இருக்கும் அறைக்குப் போகவே மறுக்கிறது. இரவில் படுக்கையை நனைக்கிறது. தாய்க்கு மனம் கேட்கவில்லை. தன் தாயிடம் பேசுகிறாள்.

“அம்மா, பிள்ளை தம்பியைக் கண்டாலே ஒடுங்குது. எனக்கு மனசு சரியில்லே.”

“என்னடி பேசுறே? அவன் தூக்கி வளர்த்த பிள்ளைடி அது. நாளைக்கு அவனுக்குப் பொண்ணு பார்க்கணும். நீயே இப்படிச் சொன்னா நாம வெளியே தலைகாட்ட முடியுமா?”

“அதுக்காகப் பிள்ளையை அப்படியே விட்டுடச் சொல்றியா?”

“வாயை மூடிக்கிட்டு இரு. நான் பார்த்துக்கிறேன்.”

இது கற்பனை வீடுதான். ஆனால் இந்தப் பேச்சு கற்பனையல்ல. மானத்துக்குப் பயந்து குழந்தையைப் பலி கொடுக்கும் இந்தப் பேச்சு நம்மிடையே எத்தனையோ வீடுகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே, சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சந்தேகத்தை நிரூபிப்பது உங்கள் வேலையல்ல. தெரிவிப்பதுதான் உங்கள் வேலை.

கண்டிப்பு வேறு, கொடுமை வேறு

“அடியாத மாடு படியாது” என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. அதை மாட்டுக்குச் சொன்னார்களா, மனிதக் குழந்தைக்குச் சொன்னார்களா என்று யாரும் யோசிப்பதில்லை. பிள்ளையைத் திருத்துவது பெற்றோரின் கடமைதான். ஆனால் இடுப்புவாரால் விளாசுவதும், சூடு வைப்பதும், மிளகாய்ப் புகை காட்டுவதும் திருத்தமல்ல. அடித்தவன் அப்பனாக இருப்பதால் குழந்தைக்கு வலி குறைந்துவிடுவதில்லை.

மலேசியச் சட்டம் நான்கு வகைக் கொடுமைகளைக் கவனிக்கிறது. முதலாவது, உடலில் காயம் உண்டாக்குவது. இரண்டாவது, ஓயாமல் திட்டி, மிரட்டி, ஒதுக்கிவைத்துக் குழந்தையின் உள்ளத்தைக் கெடுப்பது. மூன்றாவது, பாலியல் கொடுமை. நான்காவது, சோறு, மருந்து, பாதுகாப்பு என்று எதையும் கவனிக்காமல் போட்டுவிடுவது. சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்காமல் தனியே விட்டுப் போவதையும் சட்டம் குற்றம் என்கிறது. காலை இருட்டில் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஏழ்மை குற்றமல்ல. ஆனால் நாலு வயதுப் பிள்ளையின் பொறுப்பில் கைக்குழந்தையை விட்டுப் போவது ஆபத்து.

உடம்பு சொல்லும் சாட்சி

ஓடியாடும் பிள்ளைக்கு அடிபடத்தான் செய்யும். முழங்காலிலும், முன்னங்காலிலும், நெற்றியிலும் சிராய்ப்பு இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் காது, கன்னம், கழுத்து, வயிறு, முதுகு, பிட்டம், தொடையின் உட்பக்கம் ஆகிய இடங்களில் கன்றிப்போயிருந்தால் கவனிக்க வேண்டும். சாதாரணமாக விழும்போது இந்த இடங்களில் அடிபடுவது குறைவு. இன்னும் தவழக்கூடத் தொடங்காத கைக்குழந்தையின் உடம்பில் கன்றிய தழும்பு இருந்தால், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நடக்காத குழந்தை எப்படி விழும்?

காயத்தின் வடிவத்தையும் பாருங்கள். வாரின் பட்டை, வளைத்து அடித்த வயரின் வளையம், கைவிரல்கள், பற்கள் இவை தோலில் அப்படியே பதியும். சிகரெட் சூடு வட்டமாகப் புண்ணாகும். வெந்நீர் தவறிக் கொட்டினால் அங்கும் இங்கும் தெறித்தாற்போல் புண் இருக்கும். ஆனால் கையையோ காலையோ வெந்நீரில் அமுக்கிப் பிடித்தால், காலுறை போட்டதுபோல ஒரே அளவில் கோடு கிழித்தாற்போல் வெந்திருக்கும். பழைய தழும்பும் புதிய தழும்பும் ஒன்றாகத் தெரிவது, காயம் உண்டான விதத்தை ஒவ்வொரு தடவையும் வெவ்வேறாகச் சொல்வது, காயம்பட்ட குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிப்பது, இவையும் சந்தேகத்துக்கு இடம் தரும்.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்பிலும் பிட்டத்திலும் நீலம் பாரித்த மச்சம் இருக்கும். அது அடிபட்ட தழும்பல்ல. வலிக்காது. நாளாக ஆக மங்கிவிடும்.

மற்றோர் எச்சரிக்கை. அழுகிற கைக்குழந்தையைக் கோபத்தில் பிடித்து உலுக்கக் கூடாது. வெளியே ஒரு கீறலும் தெரியாமல் மூளைக்குள் இரத்தம் கசியலாம். குழந்தை இறந்துபோகலாம், அல்லது ஆயுள் முழுவதும் ஊனமாகலாம். ஆத்திரம் வந்தால் குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாகப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். அதனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

சொல்லத் தெரியாத பிள்ளை

பாலியல் கொடுமையைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். பெரும்பாலும் உடம்பில் ஓர் அடையாளமும் இருக்காது. மருத்துவர் பரிசோதித்தும் காயம் ஒன்றுமில்லை என்று சொல்லலாம். அதனால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

நடத்தையில்தான் மாற்றம் தெரியும். நன்றாக இருந்த பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைக்கத் தொடங்கும். தூக்கத்தில் அலறும். குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒளியும். படிப்பில் திடீரென்று பின்தங்கும். வயதுக்கு மீறிய ஆபாசப் பேச்சும் விளையாட்டும் வரும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத காசு, மிட்டாய், கைப்பேசி கையில் இருக்கும். நடக்கவும் உட்காரவும் வலிக்கிறது என்றோ, சிறுநீர் கழிக்க எரிகிறது என்றோ சொல்லும். இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் கண்டு முடிவுகட்ட முடியாது. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் பலவும் சேர்ந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

“பெண்பிள்ளைக்குத்தானே இந்தப் பயம்?” என்று நினைக்க வேண்டாம். ஆண்பிள்ளைகளுக்கும் நடக்கிறது. அவர்கள் வெட்கப்பட்டு இன்னும் ஆழமாக மறைக்கிறார்கள்.

தெரியாதவனிடம் மிட்டாய் வாங்காதே என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் பெரும்பாலான குழந்தைகளைக் கெடுப்பவர்கள் தெரியாதவர்கள் அல்ல. பிள்ளை நம்புகிற, வீட்டுக்குள் தடையில்லாமல் வந்துபோகிற மனிதர்கள்தாம். அதனால்தான், “யாராக இருந்தாலும், மாமாவாக இருந்தாலும், தாத்தாவாக இருந்தாலும், உனக்குப் பிடிக்காத இடத்தில் தொட்டால் அம்மாவிடம் சொல். அம்மா உன்னை அடிக்க மாட்டேன்” என்று சிறு வயதிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

பிள்ளை வாய்திறந்தால்...

ஒரு நாள் பிள்ளை சொல்லிவிடுகிறது. அந்த நேரத்தில் தாய் என்ன செய்கிறாள் என்பதைப் பொறுத்தே பிள்ளையின் எதிர்காலம் அமைகிறது.

அலறாதீர்கள். “பொய் சொல்றியா?” என்று கேட்காதீர்கள். “முன்னாலேயே ஏன் சொல்லலே?” என்று அதட்டாதீர்கள். பிள்ளை தன் சொந்த வார்த்தையில் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். “சொன்னது நல்லதுடா கண்ணு. உன் மேலே தப்பு இல்லே” என்று சொல்லுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்துகொடுக்காதீர்கள். அந்தச் சத்தியத்தை உங்களால் காப்பாற்ற முடியாது.

துருவித் துருவிக் கேட்க வேண்டாம். “மாமா இங்கே தொட்டாரா? அங்கே தொட்டாரா?” என்று நாமே வார்த்தையை எடுத்துக்கொடுத்தால், பிறகு பிள்ளையின் சாட்சியத்தைச் சந்தேகிக்க இடமுண்டாகும். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒவ்வொருவர் முன்னாலும் நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும் கொடுமைதான். பிள்ளை சொன்னதை, அது சொன்ன வார்த்தையிலேயே, தேதியும் நேரமும் போட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

சம்பந்தப்பட்டவனிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். அவன் தப்பி ஓடலாம். பிள்ளையை மிரட்டி வாயை அடைக்கலாம். கெட்டது நடந்து ஓரிரு நாளே ஆகியிருந்தால், பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள். துணியைத் துவைக்காதீர்கள். அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதப் பையில் வைத்து எடுத்துப் போங்கள். பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1990-ஆம் ஆண்டு, நம் சமூகத்தைச் சேர்ந்த ஒரு சின்னஞ்சிறு குழந்தை கொடுமை தாங்காமல் இறந்த செய்தி இந்த நாட்டையே உலுக்கியது. அதற்கு மறு ஆண்டே, 1991-இல், குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பின்னர் அதையும் வேறு சில சட்டங்களையும் ஒன்றாக்கி 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் வந்தது. 2002 ஆகஸ்டு மாதத்திலிருந்து அது நடப்பில் இருக்கிறது. 18 வயது நிறையாத ஒவ்வொருவரும் அந்தச் சட்டத்தின்படி குழந்தைதான்.

அந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவைத்தான் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குழந்தை அடித்துத் துன்புறுத்தப்படுகிறது, கவனிப்பாரற்றுக் கிடந்து கெடுகிறது, அல்லது பாலியல் கொடுமைக்கு ஆளாகிறது என்று குடும்பத்தில் ஒருவர் நியாயமான காரணத்தோடு நம்பினால், உடனே சமூக நல அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விடுவது குற்றம். குடும்பத்தார் என்றால் தாய் தந்தை மட்டுமல்ல. அதே கூரையின் கீழ் குழந்தையோடு வசிக்கும் பாட்டி, சித்தி, மாமன் எல்லோரும் அதில் அடங்குவார்கள். “நான் மாமியார்தானே, எனக்கென்ன?” என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது.

சட்டம் ‘நிரூபித்தால்’ என்று சொல்லவில்லை. ‘நியாயமான காரணத்தோடு நம்பினால்’ என்றுதான் சொல்கிறது. கண்ணால் கண்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

27-ஆவது பிரிவு மருத்துவர்களுக்கும், 29-ஆவது பிரிவு குழந்தை பராமரிப்பவர்களுக்கும் இதே கடமையை விதிக்கிறது. கூலி வாங்கிக்கொண்டு பிள்ளை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காலையில் கொண்டுவந்து விடும்போதே குழந்தையின் முதுகு கன்றியிருந்தால், அதை முதலில் பார்ப்பவர் அந்த ஆயாதான்!

2017-இல் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் வந்தது. அது இன்னும் கண்டிப்பானது. குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது அல்லது நடக்கப்போகிறது என்று தெரிந்தவர் யாராக இருந்தாலும், குடும்பத்தார், அண்டை வீட்டார், ஆசிரியர் யாரானாலும், அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். குற்றம் செய்தவர் பெற்றோராகவோ, உறவினராகவோ, ஆசிரியராகவோ இருந்தால், குழந்தையின் நம்பிக்கைக்குத் துரோகம் செய்ததற்காக, குற்றத்துக்குரிய தண்டனைக்கு மேல் 5 ஆண்டு வரை சிறையும் குறைந்தது இரண்டு பிரம்படியும் கூடுதலாகக் கிடைக்கும். வேறு சாட்சி இல்லையென்றாலும், குழந்தையின் சாட்சியத்தை மட்டும் கொண்டே நீதிமன்றம் தண்டிக்கலாம்.

குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு கொடுமை செய்பவருக்கு, சிறார் சட்டத்தின் 31-ஆவது பிரிவின்படி 50,000 வெள்ளி வரை அபராதமும் 20 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையை இந்த அளவுக்கு உயர்த்தியது.

எங்கே சொல்வது?

நான்கு வழிகள் இருக்கின்றன. எது கைக்கு எட்டுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ‘தாலியான் காசே’ என்னும் 15999 தொலைபேசி எண். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு நடத்தும் சேவை இது. இரவு பகல் 24 மணி நேரமும் அழைக்கலாம். பிள்ளையே கூட அழைக்கலாம். இந்த எண்ணைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்துவையுங்கள்.

இரண்டு, மாவட்டத்துச் சமூக நல இலாகா அலுவலகம்.

மூன்று, போலீஸ் நிலையம். புகார் கொடுக்கக் காசு வேண்டியதில்லை. மலாய்மொழி சரளமாக வராதென்றால், தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். குழந்தைக்கு இந்த நிமிடமே ஆபத்து என்றால் 999-ஐ அழைக்க வேண்டும்.

நான்கு, அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. 1985-இலேயே கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் கொடுமைக்கு ஆளான குழந்தைகளைக் கவனிக்கத் தனி மருத்துவக் குழு அமைந்தது. 1994-இல் அதே ஆஸ்பத்திரியில், பாதிக்கப்பட்டவருக்கு மருத்துவம், போலீஸ், சமூக நலம் மூன்றையும் ஒரே இடத்தில் தரும் நெருக்கடி மையம் தொடங்கியது. பிறகு அந்த ஏற்பாடு மற்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது. குழந்தையை அலுவலகம் அலுவலகமாக அலையவைக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

சொல்லும்போது குழந்தையின் பெயர், ஏறத்தாழ வயது, தோட்டத்தின் பெயர், டிவிஷன், வீட்டு எண், நீங்கள் கண்டது என்ன, கேட்டது என்ன, எந்தத் தேதியில், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இன்றிரவு குழந்தை பத்திரமாக இருக்குமா என்பதைச் சொல்லுங்கள். எல்லாம் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. தெரிந்ததைச் சொன்னால் போதும். குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தை குழந்தைதான்.

மனத்தை அரிக்கும் பயங்கள்

“சந்தேகம் தப்பாகப் போய்விட்டால்?” இந்தப் பயம்தான் பலர் வாயை அடைக்கிறது. குழந்தைக்குப் பாதுகாப்புத் தேவை என்று தகவல் கொடுத்தவர் மீது, அப்படித் தகவல் கொடுத்ததற்காக அவதூறு வழக்குப் போட முடியாதபடி சிறார் சட்டத்தின் 116-ஆவது பிரிவு காப்பாற்றுகிறது. விசாரித்து உண்மையைக் காண்பது அதிகாரிகளின் பொறுப்பு. ஆனால் அதிகாரியிடம் சொல்வது வேறு, கடைத்தெருவில் சொல்லித் திரிவது வேறு. வம்பளப்புக்குச் சட்டம் துணை நிற்காது.

“பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களா?” பல தாய்மார்கள் இதற்காகவே மௌனமாகிறார்கள். குழந்தைக்கு ஆபத்து என்று கண்டால், அதிகாரியோ போலீசோ தற்காலிகமாகக் குழந்தையைத் தம் பாதுகாப்பில் எடுக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும். நீதிமன்றம் என்ன செய்யும்? பெற்றோரிடம் உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அவர்களிடமே விடலாம். தகுதியுள்ள ஓர் உறவினரிடம் ஒப்படைக்கலாம். வேறு வழியில்லையென்றால் பாதுகாப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். எனவே, புகார் கொடுத்தாலே பிள்ளை அநாதை இல்லத்துக்குப் போய்விடும் என்பது வீண்பயம். குழந்தையைப் பாதுகாக்க முன்வருகிற தாய் ஒருத்தி இருக்கிறாள் என்பதே பிள்ளைக்குப் பெரிய பலம்.

“கோர்ட்டில் அவன் முகத்தைப் பார்த்துப் பிள்ளை பேச வேண்டுமா?” வேண்டியதில்லை. 2007-ஆம் ஆண்டுச் சிறார் சாட்சியச் சட்டத்தின்படி, குழந்தை திரைக்குப் பின்னாலிருந்தோ, வேறோர் அறையிலிருந்து தொலைக்காட்சி இணைப்பின் வழியாகவோ சாட்சி சொல்லலாம். முன்கூட்டியே பதிவு செய்த வாக்குமூலத்தையும் பயன்படுத்தலாம். போலீஸ் படையிலும் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களை விசாரிக்க டி11 என்ற தனிப்பிரிவு இருக்கிறது.

“சம்பாதிக்கிறவனே அவன்தானே?” உண்மைதான். இது எளிதில் தீரும் கஷ்டமல்ல. ஆனால் புகார் கொடுக்கும்போதே அதிகாரியிடம் இதையும் சொல்லிவிடுங்கள். சமூக நல இலாகாவில் உதவித் தொகைக்கு மனு செய்யலாம். தாயையும் சேர்த்து அடிக்கிறவனாக இருந்தால், 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு கேட்கலாம். 2017-இல் செய்த திருத்தத்தால், சமூக நல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்க வழியுண்டு.

“பெண்பிள்ளையின் பெயர் கெட்டுவிடுமே?” குழந்தையின் பெயர், முகவரி, பள்ளிக்கூடம் எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்று சிறார் சட்டத்தின் 15-ஆவது பிரிவு தடுக்கிறது. குழந்தையின் படத்தை மின்னியல் வழியாகப் பரப்புவதும் அதில் அடங்கும். ஆகவே, கோபத்திலும் பரிதாபத்திலும், அடிபட்ட குழந்தையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 15999-க்குச் சொல்லுங்கள். ஒரு குழந்தையின் பெயரைக் கெடுப்பது சட்டமல்ல, நம்முடைய நாக்கு.

பஞ்சாயத்துப் பேசி முடிக்கலாமா?

கோயில் தலைவரையும் நாலு பெரியவர்களையும் கூப்பிட்டு, குற்றவாளியை விழுந்து கும்பிடச் செய்து, வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு விஷயத்தை முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. குடும்பச் சண்டைக்கும் வேலித் தகராற்றுக்கும் பஞ்சாயத்து உதவும். இதற்கு உதவாது. வேறு ஊருக்குப் போனவன் அங்கேயும் ஒரு குழந்தையைத் தேடுவான். அது மட்டுமல்ல, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் பேசி முடித்து மறைத்தவர்கள் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தாங்களே குற்றவாளிகள் ஆவார்கள். பெரியவர்கள் உண்மையிலேயே உதவ நினைத்தால், அந்தத் தாயைப் போலீஸ் நிலையத்துக்குக் காரில் அழைத்துப் போகட்டும். வேலை முடிந்து திரும்பும் வரை அவளுடைய மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். அதுவே பெரிய தர்மம்.

தன் கையே தனக்கு மீறிப் போகிறது என்று உணரும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. காலை முதல் செம்பனைக் குலை தூக்கிவிட்டு வந்த களைப்பு, கடன் தொல்லை, குடி இவை எல்லாம் கடைசியில் குழந்தையின் முதுகில்தான் இறங்குகின்றன. அப்படி நடக்கிறது என்று தெரிந்தால், காயம் உண்டாகும் முன்பே உதவி கேளுங்கள். அதே 15999 எண்ணிலும், சமூக நல அலுவலகத்திலும் ஆலோசனை கிடைக்கும். உதவி கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

நம் கற்பனை வீட்டுத் தாய் என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது தெளிவாகியிருக்கும். முதலில், அந்த மாமனோடு பிள்ளையைத் தனியே விடக் கூடாது. அன்றைக்கே 15999-க்கு அழைத்து, தான் கண்டதைச் சொல்ல வேண்டும். பிள்ளை வாய்திறந்து சொல்லியிருந்தால் போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். பாட்டி செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போக வேண்டும்.

தாய்மார்களே, தந்தைமார்களே! அடிபட்ட குழந்தை எழுந்து போய்ப் புகார் கொடுக்க முடியாது. அதற்கு வழியும் தெரியாது, வார்த்தையும் தெரியாது. பெரியவர் ஒருவர் அதற்காகப் பேசியாக வேண்டும். குடும்ப மானம் என்பது நடந்ததை மறைப்பதில் இல்லை. நம் வீட்டில் ஒரு குழந்தை பயமில்லாமல் தூங்குகிறது என்று சொல்ல முடிகிறதே, அதில் இருக்கிறது. 15999 என்ற எண்ணை இன்றே எழுதி, நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.